கஸ்தூரி எலுமிச்சை குடித்த கன்ட்ரோலர்

ரீவொர்க் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் சூப்பர்வைசர் போன் செய்து, "அக்கா, ரிட்டயர் ஆனவங்க அனுபவம்னு ஒன்னு எழுதிக் கொடுங்க, புதுசா வந்ததுங்க படிக்கட்டும்" என்று கேட்டார். பாதுகாப்பு, நேரம் தவறாமை, குழு உணர்வு என்று தலைப்புகளையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அவற்றையெல்லாம் சொல்வதற்குத்தான் கேன்டீன் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களே. நான் வேறு கதை சொல்கிறேன்.

நம் பகுதியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் ஒரு வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள்: "தானாவே நின்னு போச்சு." பழுதாகி வரும் ஒவ்வொரு சர்க்யூட் போர்டோடும் இதுவும் ஒட்டிக்கொண்டு வரும். போர்டு முழுக்கக் காப்பிக் கறை இருக்கும், ஆனால் அது தானாகவே நின்றுபோயிருக்கும். ஒரு மூலையே காணாமல் போயிருக்கும், அதுவும் தானாகவே போயிருக்கும். எறும்பு குடும்பத்தோடு குடியேறியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. செனாய் தொழிற்சாலையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லி போர்டை நீட்டிய ஒரு ஆத்மாவைக்கூடப் பார்த்ததில்லை. அதற்காக எல்லாரிடமும் எரிந்து விழுவேன். எனக்கு அந்தப் பகுதியில் என்ன பட்டப்பெயர் இருந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஆட்களிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது ஓய்வு பெற்ற பிறகுதான். அதுவும் கூலாயில், என் வீட்டுச் சமையலறை மேசையில்.

ஒரு சனிக்கிழமை காலை. நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட வைக்கவில்லை, வாசலில் வேன் வந்து நின்றது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வெள்ளை வேன். அதிலிருந்து என் அக்கா மகள் மாலதி இறங்கினாள். அவள் யோங் பெங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, அங்கே ரோபோட்டிக்ஸ் குழுவுக்குப் பொறுப்பும் அவள்தான். கையில் பூத்துவாலை சுற்றிய ஒரு ரோபோ. அவள் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள்.

அவளுக்குப் பின்னால் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் வந்தார். வேன் அவருடையது. அவருக்கும் பின்னால், மடிக்கணினியை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. பெயர் தாரணி, ஆறாம் ஆண்டு. ரோபோவுக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான் என்று மாலதி சொன்னாள். குழுவின் மற்றப் பிள்ளைகள் வேனிலேயே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"சின்னம்மா, எப்படியாச்சும் பாருங்க லா," என்றாள் மாலதி. "பத்து மணிக்கு ஜொகூர் பாருல போட்டிக்கு இன்ஸ்பெக்‌ஷன். காலையில வேன்ல ஏத்துறதுக்கு முன்னாடி பட்டனை அமுக்குனா லைட்டே வரல. வேற கன்ட்ரோலர் மாத்தக் கூடாதாம், பதிஞ்சு கொடுத்ததுதான் வேணுமாம். லைட் வரலைன்னா அப்படியே வெளிய அனுப்பிடுவாங்க. இதுங்க எல்லாம் ஆறாம் ஆண்டு, இந்தப் பள்ளியில கடைசி வருசம். அடுத்த வருசம் ஆளுக்கொரு பள்ளிக்கூடம்."

"என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல. தானாவே நின்னு போச்சு."

மூன்று பேரையும் பார்த்தேன். மாலதி ரோபோவைப் பார்த்தாள், தாரணி தரையைப் பார்த்தாள். தலைவர் எங்கள் வீட்டு மின்விசிறியை முதல்முறையாக விசிறி பார்ப்பவர்போல் பார்த்தார்.

பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ரோபோவின் வயிற்றுக்கடியில் இருந்த கன்ட்ரோலரைக் கழற்றினேன். மூளைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் கோவில் வாசனை அடித்தது. போர்டின் ஒரு பக்கம் பச்சை பூத்துக் கிடந்தது. அந்தப் பச்சைக்கு நடுவில், சப்பணமிட்டு உட்கார்ந்ததுபோல், ஒரு விதை.

குறட்டால் அதை எடுத்து மேசை மேல் வைத்தேன். "இதுவும் தானாவே உள்ள போச்சா?"

தலைவரின் காது சிவந்தது. நல்ல மனிதர் அவர். பிள்ளைகளை ஏற்றிப் போவதற்காக அன்றைக்கு ஒரு சவாரியையே விட்டுவிட்டு வந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு மாலதி எப்படி வாயைத் திறப்பாள்? பழைய நானாக இருந்திருந்தால் அந்த இடத்தில் வெடித்திருப்பேன். அவர் இன்னும் சிவந்திருப்பார், வாயை இன்னும் இறுக்கி மூடியிருப்பார். எனக்கோ உள்ளே என்னென்ன போனது என்று தெரிந்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி கழுவ வேண்டும், தெரியாமல் எதையாவது ஊற்றினால் மிச்சமும் போய்விடும். நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எங்கிருந்தோ அந்தக் கேள்வி வந்தது. பெரிதாக யோசித்துக் கேட்கவில்லை, தானாக வாயில் வந்தது. "சரிங்க தலைவரே, இது நல்லா ஓடணும்னு நீங்க என்னென்ன செஞ்சீங்க?"

மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அத கேளுங்கம்மா! நான் எத்தனை வேன் எடுத்திருக்கேன், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்காம ஒன்னும் ரோட்டுல இறங்குனது இல்ல. இதுவும் வண்டிதானே? அதான் நேத்து சாயந்திரம் பள்ளியிலேயே ஒரு சின்ன பூசை போட்டேன். முதல்ல பெரிய பழமா வெச்சேன். ஏற மாட்டேங்குது. பந்து மாதிரி தள்ளிக்கிட்டே போகுது. பிள்ளைங்க கோல்னு கத்துதுங்க. அப்புறம்தான் கோலிக்குண்டு மாதிரி இருக்குமே, அந்தக் கஸ்தூரி எலுமிச்சை வெச்சேன். அது மேல ஏறிடுச்சு, ஆனா நசுங்கல. வெயிட்டு பத்தல. நான் மேல கைய வெச்சு லேசா அமுக்கினேன்."

"லேசாவா?"

"கொஞ்சம் நல்லாவே."

"அப்புறம்?"

"பன்னீர் தெளிச்சேன். சாம்பிராணி காட்டுனேன். சந்தனம் மூடி மேலதான் வெச்சேன் மா, உள்ள வைக்கல," என்றார், எலக்ட்ரானிக்ஸ் விஷயத்தில் தனக்கும் பொறுப்புணர்ச்சி உண்டு என்பதுபோல்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என்ன செய்து கெடுத்தாய் என்று கேட்டால் உலகத்தில் எவரும் பதில் சொல்ல மாட்டார். நல்லது செய்ய என்ன முயற்சி எடுத்தாய் என்று கேட்டால் ஒன்று விடாமல் சொல்வார், பெருமையோடு சொல்வார். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். இதை நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது.

கழுவியது, காய வைத்தது, புளிப்பு அரித்துத் தின்ற ஒரு செப்புக் கோட்டுக்குப் பதிலாக முடி போன்ற கம்பி ஒன்றை ஒட்டியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான், அதை விடுங்கள். பட்டனை அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. தலைவர் கை கூப்பினார். மாலதி என்னைக் கட்டிப் பிடித்தாள். அடுத்த நொடியே ஆளுக்கு ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"எங்க போறீங்க? ஓட்டிக் காட்டாம என் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது," என்றேன்.

எங்கள் சமையலறையிலிருந்து முன்வாசல் வரைக்கும் தரையில் ஓடு பதித்த கோடு நேராகப் போகும். கன்ட்ரோலரைப் பூட்டி, ரோபோவை அந்தக் கோட்டின் மேல் வைத்து, தாரணி ஓட்டினாள். புறப்பட்ட ரோபோ மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, குளிர்சாதனப் பெட்டியில் போய் முட்டி நின்றது.

ரோபோவைவிட நான் கவனித்தது அவர்கள் முகங்களை. ஒருவர்கூட அதிரவில்லை. புதிதாக ஒன்று கெட்டுப்போனால் ஆட்கள் "ஐயோ" என்பார்கள். இவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அதாவது, இது இவர்களுக்குப் பழக்கமான கோணல்.

"தலைவரே," என்றேன், "பூசை எதுக்குப் போட்டீங்க?"

"ஒரு வாரமா கோணையா போகுதேனுதான் மா."

அலமாக்! அந்த எலுமிச்சையை நான் நோய் என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன், அது மருந்தாம். உண்மையான நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. உடனே மாலதியைக் கேட்டேன்: "நீ என்ன வைத்தியம் பண்ண?"

இடப்பக்கச் சக்கரத்தின் வயர் சொருகும் சாக்கெட் கொஞ்சம் ஆடியதால், காகிதத்தை மடித்து இடுக்கில் செருகி வைத்ததாகச் சொன்னாள். முதல் நாள் நன்றாக ஓடியதாம், பிறகு பழையபடி ஆகிவிட்டதாம். "ஆனா சின்னம்மா, கோளாறு அது இல்ல," என்று குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் என்ன பயன், சமையலறை சின்னது. "புரோகிராம்தான் தப்புனு மத்தப் பிள்ளைங்க எல்லாம் சொல்லுதுங்க. நானும் தாரணியைக் கொஞ்சம் ஏசிட்டேன். இனிமே யாரும் புரோகிராம்ல கை வைக்கக் கூடாதுனு சொல்லி வெச்சிருக்கேன்."

தாரணியைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை வந்ததிலிருந்து ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வாரமாக அந்த ரோபோ சுவரில் முட்டிய ஒவ்வொரு முறையும் அது அவள் தலையில்தான் விழுந்திருக்கிறது.

"நீ ஏதாச்சும் செஞ்சியா மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். மடிக்கணினியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்தச் சாக்கெட் மேல்தான் சந்தேகம். பள்ளியில் அலமாரியைக் கூட்டுறவுக் கடையோடு பகிர்ந்துகொள்கிறார்களாம். அதனால் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எல்லா வயரையும் பிடுங்கி, சுருட்டி, பெட்டியில் அடுக்கி வைக்க வேண்டுமாம். பிள்ளைகள் வயரை எப்படிப் பிடுங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கெட்டின் கால் போர்டில் விட்டுப்போயிருக்கும், இடச் சக்கரத்துக்குப் போதுமான கரண்ட் போயிருக்காது. ஆனால் அதைச் சரி செய்ய மறுபடி திறந்து ஈயம் உருகச் சூடு வைக்க வேண்டும். அதே இடத்தைத்தான் எலுமிச்சையும் அரித்து வைத்திருக்கிறது. சூடு வைக்கும்போது செப்புக் கோடு பெயர்ந்து வந்துவிட்டால், இப்போது எரிகிற விளக்கும் எரியாது.

இதை அவர்களிடம் அப்படியே சொன்னேன். கோணலாக ஓடும் ரோபோ ஜெயிக்காது, ஆனால் சோதனையில் தேறிவிடும். திறந்தால் நேராக ஓடலாம், அல்லது போட்டி வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

"வேணாம் சின்னம்மா, இப்படியே போலாம்," என்றாள் மாலதி. "கலந்துக்கிட்டாலே போதும் மா," என்றார் தலைவர்.

அப்போதுதான் தாரணி வாயைத் திறந்தாள். "ஆண்ட்டி, தொறந்து பாத்தா, தப்பு போர்டா இல்ல புரோகிராமானு தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சிடும்."

"அப்ப தொறங்க."

மாலதி ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். தொழிற்சாலையில் இப்படி ஒரு கட்டம் வந்தால் எஞ்சினியர் இருப்பார், வாடிக்கையாளர் இருப்பார், யார் தலையிலாவது போட்டுவிடலாம். இங்கே பொருள் பிள்ளைகளுடையது. போட்டி அவர்களுடையது. ஆகவே முடிவும் அவர்களுடையதுதான். ஆனால் தாரணி மட்டும் குழு அல்லவே. வேனில் இருக்கும் மற்றவர்களையும் கேட்டு வா என்று அனுப்பினேன். அவள் போய் நின்றதும், ரொட்டி நிறைந்த வாயோடு ஒரு பையன் கத்தியது சமையலறை வரைக்கும் கேட்டது: "தொறக்கச் சொல்லு! புரோகிராம்தான் தப்புனு எல்லாருக்கும் தெரியட்டும்!"

தாரணி திரும்பி வந்தாள். "எல்லாரும் சரின்னுட்டாங்க, ஆண்ட்டி." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

முதல் வேலையாகத் தலைவரைச் சமையலறையை விட்டு வெளியேற்றினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று அவர் முணுமுணுத்த சுலோகம் சோல்டரிங் அயர்ன் பிடிக்க விடவில்லை. "போய் அந்த நாசி லெமாக்கைச் சாப்பிடுங்க, அதுதான் இப்போ பெரிய உதவி," என்றேன். உதவி என்றால் பின்வாங்காத மனிதர், முட்டையைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், நினைத்தது சரி. சாக்கெட்டின் காலைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம், விரிசல். மாலதி செருகிய காகிதத்தை உருவிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சூடு வைத்தேன். செப்புக் கோடு பெயரவில்லை. மூடினேன், பூட்டினேன், விளக்கு எரிந்தது. ஓட்டு மா என்றேன்.

ரோபோ கோட்டின் மேல் புறப்பட்டது. மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்ந்து, செருப்பு அடுக்கும் தட்டில் போய் முட்டி நின்றது.

மாலதி கடிகாரத்தைப் பார்த்தாள். என் கை அதுவாகவே திருப்புளியை எடுத்துவிட்டது. பிள்ளைகளே, நம் வேலையில் மிக ஆபத்தான நேரம் இதுதான். பழுது பார்த்த பிறகும் சரியாகவில்லை, எல்லாரும் உன்னையே பார்க்கிறார்கள், கை எதையாவது செய்யத் துடிக்கிறது. அந்த நேரத்தில் செய்த வேலைகளால்தான் நம் குப்பைத் தொட்டி நிறைகிறது.

திருப்புளியைக் கீழே வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்பு இடப்பக்கம் போனது, இப்போது வலப்பக்கம் போகிறது. அதே அளவு, அதே அடக்கத்தோடு. கெட்டுப்போன பொருள் இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. யாரோ அதை வலப்பக்கம் தள்ளுகிறார்கள்.

மாலதியைத் தலைவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். அவள் போனதும் தாரணியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன். முன்பு அவளிடம் நான் கேட்ட விதம் தவறு, ஏதாவது செய்தாயா என்றால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும்?

"தாரணி, பாவம் இது நேரா போகட்டும்னு நீ என்ன மா செஞ்ச?"

அவ்வளவுதான், அழுதுவிட்டாள். "எல்லாரும் என் புரோகிராம்தான் தப்புனாங்க ஆண்ட்டி. எங்க தப்புனு தேடித் தேடிப் பாத்தேன், ஒன்னுமே கிடைக்கல. அதான் வீட்டுல வெச்சு, இடச் சக்கரம் மட்டும் வேகமா சுத்துற மாதிரி ஒரு வரி சேத்தேன். அதுக்கும் கொஞ்சம்தான் நிமிந்துச்சு. டீச்சர் கை வைக்கக் கூடாதுனு சொல்லியிருக்காங்க, அதான் சொல்லல."

ஒரு கோணலுக்கு மூன்று வைத்தியம்! தலைவர் எலுமிச்சை வைத்தார், ஆசிரியை காகிதம் வைத்தாள், பிள்ளை ஒரு வரி வைத்தாள். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது. நம் பகுதியில் காலை ஷிப்ட் செய்ததை மாலை ஷிப்டிடம் சொல்லாமல் போவதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் இருக்கிறது?

"அந்த வரியை எடுத்துடு மா," என்றேன். "முதல்ல எழுதினத அப்படியே போடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைகளைத் தட்டினாள். ரோபோவைக் கோட்டின் மேல் வைத்தாள். அது சமையலறையைக் கடந்தது, கூடத்தைக் கடந்தது, கோட்டை விட்டு இம்மி விலகாமல் போய், முன்வாசலில் நாசி லெமாக் இலையோடு நின்ற தலைவரின் கால் கட்டைவிரலில் முட்டியது. "முருகா!" என்று அவர் ஒரு துள்ளல் துள்ளினார். வேனிலிருந்த பிள்ளைகள் எல்லாம் இறங்கி ஓடி வந்தார்கள்.

தாரணி சிரிக்கவில்லை. மாலதியின் முன்னால் போய் நின்றாள். "டீச்சர், இப்ப ஓடுனது நான் மொத மொதல்ல எழுதுனது. அதுல ஒரு எழுத்துக்கூட மாத்தல."

மாலதி எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, "நான் உன்னை ஏசினது தப்பு மா," என்றாள். ஆசிரியைகளுக்கு அது சுலபமாக வரும் வார்த்தை இல்லை. என் அக்கா மகள் என்று அன்றைக்குத்தான் பெருமைப்பட்டேன். ரொட்டிப் பையன் என் செருப்புத் தட்டைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

எல்லாரையும் வேனில் திணித்து அனுப்பிவிட்டு, காலி மேசையின் முன் உட்கார்ந்தேன். வேறு வேலை ஓடவில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் தலைவர் அழைத்தார். எடுத்ததும் கத்தல்தான். சோதனையில் தேறிவிட்டார்களாம். மேசையின் கடைசி வரைக்கும் ரோபோ போய்ச் சேர்ந்ததாம், அவர்கள் பள்ளிக்கு அதுதான் முதல் தடவையாம். கோப்பை கிடைக்கவில்லை, அதை வாங்கியது வேறு பள்ளி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்வாராம். பின்னால் பிள்ளைகளின் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. "இருங்க மா, ஒருத்தி பேசணும்கிறா," என்றார்.

"ஆண்ட்டி," என்றது தாரணியின் குரல். மூச்சு வாங்கியது, ஓடி வந்திருப்பாள்போல. "ஓட்டி முடிச்சதும் ஜட்ஜு வந்து, இந்தப் புரோகிராம் யாரு எழுதுனதுனு கேட்டாரு. எல்லாரும் என்னைத்தான் ஆண்ட்டி கை காட்டுனாங்க."